மக்காச்சோளத்தின் கருவுக்குள் எண்ணெய்

எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினால் நல்லெண்ணெய் கிடைக்கிறது. நிலக்கடலையை ஆட்டினால் கடலை எண்ணெய். தேங்காயைக் காயவைத்துக் கொப்பரையாக்கி ஆட்டினால் தேங்காய் எண்ணெய். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. கடைகளில் மக்காச்சோள எண்ணெய் என்று ஒன்றும் விற்பனைக்கு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியானால், ஒரு மூட்டை மக்காச்சோளத்தைக் கொண்டுபோய்ச் செக்கில் கொட்டி ஆட்டினால் எண்ணெய் வருமா?

வராது. ஒரு சொட்டுக்கூட வராது. மாடு செக்கைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போகும்; உரலில் மாவுதான் மிஞ்சும். செக்கைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்த இரும்பு இயந்திரத்தில் இட்டு நெருக்கினாலும் இதே கதைதான். ஆனால் கடையில் இருக்கும் அந்த எண்ணெய் பொய்யல்ல. அது மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். அதில் பெரும்பகுதி இயந்திரத்தில் பிழிந்தே எடுக்கப்பட்டது. இது எப்படி முடிகிறது என்று பார்ப்போம்.

மணியைப் பிளந்து பார்த்தால்

ஒரு மக்காச்சோள மணியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனை அகன்றும் மறுமுனை கூர்ந்தும் இருக்கிறது. கூர்முனைதான் கதிரின் கட்டையோடு ஒட்டியிருந்த இடம். மணியின் தட்டையான இரு பக்கங்களில் ஒரு பக்கத்தில் மட்டும், நடுவே, வெளிறிய பள்ளம் போன்ற ஒரு பகுதி தெரிகிறதா? அதன் அடியில்தான் முளைக்கரு புதைந்திருக்கிறது.

மணியின் எடையில் 82 சதவீதத்துக்கு மேல் மாப்பொருள் நிறைந்த பகுதி. இது முளைசூழ்தசை எனப்படும். வெளித்தோல் 5 அல்லது 6 சதவீதம். முளைக்கருவோ 11 அல்லது 12 சதவீதம்தான். ஆனால் மணியில் உள்ள எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தச் சிறு கருவுக்குள்தான் அடங்கியிருக்கிறது.

தாவரம் ஏன் இப்படிச் செய்கிறது? மண்ணுக்குள் முளைக்கும் குருத்து வெளிச்சத்தைக் காணும்வரை தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. கட்டுச்சோறு வேண்டும். ஒரு கிராம் மாப்பொருளை எரித்தால் உடலுக்குச் சுமார் 4 கிலோ கலோரி ஆற்றல் கிடைக்கிறது. ஒரு கிராம் எண்ணெயில் சுமார் 9 கிலோ கலோரி. சிறிய இடத்தில் நிறைய ஆற்றலை அடைக்க வேண்டுமானால் எண்ணெயே ஏற்றது. ஆகவே குருத்துக்கு மிக அருகில், கேடயம் போன்ற வடிவில் அமைந்துள்ள வித்திலையில், தாவரம் எண்ணெயைச் சேர்த்து வைக்கிறது. மாப்பொருள் எல்லாம் பிறகு மெல்லக் கரைத்து உண்பதற்கான பெருங்களஞ்சியம்.

இந்த எண்ணெய் கருவுக்குள் குளம்போல் தேங்கி நிற்பதில்லை. ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறுக்களவுள்ள நுண்ணிய உருண்டைகளாகச் செல்களுக்குள் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் புரதத்தாலான மெல்லிய உறை. அந்த உறை இருப்பதால்தான் உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருந்துளியாகிவிடாமல் தனித்தனியே நிற்கின்றன. பிழிய வருபவனுக்கு அதுவே முதல் எதிரி.

ஒரு சிறு கணக்கு

முழு மணியில் எண்ணெய் 4 முதல் 5 சதவீதம்வரை இருக்கிறது. குறைவுதான், ஆனாலும் இருக்கிறதே! நூறு கிலோவைப் பிழிந்தால் நான்கு கிலோ வேண்டாம், ஒரு கிலோவாவது வரவேண்டாமா?

துணி துவைத்திருப்பீர்கள். ஈரத் துணியை எவ்வளவு முறுக்கிப் பிழிந்தாலும் அது முற்றிலும் காய்ந்துவிடுவதில்லை. நூலிழைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய இடைவெளிகளில் கொஞ்சம் நீர் தங்கியே தீரும். எண்ணெய் பிழிவதும் அப்படித்தான். நெருக்க நெருக்கப் புண்ணாக்கு இறுகுகிறது. இறுக இறுக எண்ணெய் வெளியேறும் வழிகளும் அடைபடுகின்றன. ஒரு நிலைக்கு மேல் அழுத்தம் கூடினாலும் பயனில்லை. மாட்டுச் செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் 10 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய் தங்கிவிடுவது வழக்கம். நல்ல விசைத் திருகு இயந்திரத்தில் பிழிந்தால் இதை 6 அல்லது 7 சதவீதமாகக் குறைக்கலாம்.

இந்த 7 சதவீதத்தை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கைப் போடுங்கள். நூறு கிலோ மக்காச்சோளத்தில் எண்ணெய் நாலரைக் கிலோ. எண்ணெயல்லாத மற்றப் பொருள்கள் தொண்ணூற்றைந்தரைக் கிலோ. (கணக்கு எளிமையாக இருக்க ஈரத்தை விட்டுவிடுவோம்.) புண்ணாக்கில் ஒவ்வொரு 93 கிலோ மற்றப் பொருளும் 7 கிலோ எண்ணெயைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ள வல்லது. அப்படியென்றால் தொண்ணூற்றைந்தரைக் கிலோ எவ்வளவு பிடித்து வைக்கும்? 7 கிலோவுக்கு மேல்! இருப்பதோ நாலரைக் கிலோ. இயந்திரம் பிழிந்து முடித்த புண்ணாக்கில் எவ்வளவு எண்ணெய் மிஞ்சுமோ, அதைவிடக் குறைவாகவே முழு மக்காச்சோளத்தில் எண்ணெய் இருக்கிறது. பிறகு எங்கிருந்து ஒழுகும்?

இப்போது கருவை மட்டும் தனியே பிரித்துச் சுத்தம் செய்து உலர்த்தி எடுத்துக்கொள்வோம். அதில் 45 முதல் 50 சதவீதம்வரை எண்ணெய் இருக்கும். அதாவது, எள்ளுக்குச் சமம்! நூறு கிலோ கருவில் 48 கிலோ எண்ணெய், 52 கிலோ மற்றப் பொருள் என்று கொள்ளுங்கள். 52 கிலோ மற்றப் பொருள் பிடித்து வைக்கக் கூடியது 4 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மீதி 44 கிலோ வெளியே வந்துவிடும். இருந்த எண்ணெயில் இது 92 சதவீதம்.

ஆகவே மக்காச்சோள எண்ணெயின் வெற்றி பிழிவதில் மட்டும் இல்லை. பிழிவதற்கு முன்னால், கருவை உடையாமல் பிரித்தெடுப்பதில் இருக்கிறது. இதை மனிதன் செய்யக் கற்றுக்கொண்டது எண்ணெய்க்காக அல்ல என்பதுதான் வேடிக்கை.

ஸ்டார்ச் ஆலையில் பிறந்த எண்ணெய்

அமெரிக்காவில் தாமஸ் கிங்ஸ்ஃபோர்ட் என்பவர் 1842-ஆம் ஆண்டு மக்காச்சோளத்திலிருந்து சுத்தமான ஸ்டார்ச்சைப் பிரித்தெடுத்தார். துணிக்குக் கஞ்சி போடவும் பிறகு சமையலுக்கும் அது பயன்பட்டது. இல்லினாய், இந்தியானா, அயோவா போன்ற மாநிலங்களில் மைல் கணக்கில் மக்காச்சோளம் விளையும். ஆலைகள் அங்கே பெருகின. வெள்ளை வெளேரென்ற ஸ்டார்ச் வேண்டுமானால் தோலையும் கருவையும் விலக்கியாக வேண்டும். கருவின் எண்ணெய் ஸ்டார்ச்சில் கலந்துவிட்டால் நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். எனவே கரு அங்கே வேண்டாத விருந்தாளி.

அந்த வேண்டாத பொருளில் பாதி எண்ணெய் என்று தெரிந்த பிறகு யார் சும்மா இருப்பார்கள்? இந்தியானா மாநிலத்தின் டெர்ரி ஹோட் நகரில் மக்காச்சோள ஆலை நடத்திய தியோடர் ஹட்நட், பெஞ்சமின் ஹட்நட் ஆகியோர் 1898-ஆம் ஆண்டையொட்டிக் கருவிலிருந்து எண்ணெய் பிழியும் முறையை உருவாக்கினர். தங்கள் எண்ணெய்க்கு அவர்கள் வைத்த பெயர் 'மேஸாயில்'. சமையலுக்கு ஏற்றவாறு சுத்திகரித்த மக்காச்சோள எண்ணெய் 'மஸோலா' என்ற பெயரில் 1911-ஆம் ஆண்டு அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது.

மிதக்கவிட்டுப் பிரித்தல்

ஸ்டார்ச் ஆலைக்குள் நுழைவோம். முதலில் ஊறவைத்தல். பெரிய பெரிய தொட்டிகளில் மக்காச்சோளத்தைக் கொட்டி, சுமார் 50 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் 30 முதல் 50 மணி நேரம்வரை ஊறவிடுகிறார்கள். நீரில் மிகச் சிறிதளவு, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு, கந்தக டைஆக்சைடு கலந்திருக்கும். கெட்ட நுண்ணுயிர்கள் பெருகாமல் அது தடுக்கிறது. அதோடு, ஸ்டார்ச் துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் புரத வலையின் முடிச்சுகளையும் தளர்த்துகிறது. நம் வீட்டில் இட்லிக்கு அரிசி ஊறவைப்பது போலத்தான். ஆனால் இங்கே நேரம், சூடு, மருந்து மூன்றும் அளந்து வைக்கப்படுகின்றன.

ஊறிய மணியில் கிட்டத்தட்டப் பாதி எடை நீராகிவிடும். கரு நீரை உறிஞ்சி ரப்பர்போல் துவண்டு போகும். அதில் இருந்த கரையும் புரதங்கள், சர்க்கரை, உப்புகள் ஆகியவை ஊறல் நீரில் கரைந்து வெளியேறுகின்றன. மணிக்குள் இருக்கும்போது கருவின் எடையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த எண்ணெய், பிரித்து உலர்த்திய பிறகு பாதியாக உயர்வதற்கு இதுவே காரணம். எண்ணெய் கூடவில்லை; மற்றவை குறைந்துவிட்டன.

இந்த ஊறல் நீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பென்சிலின் மருந்தைப் போதிய அளவில் தயாரிக்க முடியாமல் விஞ்ஞானிகள் தவித்தார்கள். இங்கிலாந்திலிருந்து ஃப்ளோரி, ஹீட்லி ஆகிய இருவரும் 1941-ஆம் ஆண்டு அமெரிக்கா சென்று, இல்லினாயில் உள்ள பியோரியா நகரின் வேளாண் ஆராய்ச்சிக் கூடத்தை அணுகினார்கள். மக்காச்சோளம் ஊறிய நீரைச் சுண்டவைத்துப் பென்சிலின் பூஞ்சைக்கு உணவாகக் கொடுத்தபோது விளைச்சல் பல மடங்கு பெருகியது. ஸ்டார்ச் ஆலையின் கழிவு நீர், மருந்தாலையின் மூலப்பொருளாகிவிட்டது!

சரி, கருவுக்குத் திரும்புவோம். ஊறிய மணிகளைப் பற்கள் கொண்ட இரு தட்டுகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். தட்டுகள் நெருங்கியிருந்தால் கருவும் சேர்ந்து நசுங்கி எண்ணெய் ஸ்டார்ச்சோடு கலந்துவிடும். எனவே மணியைப் பிளக்க மட்டும் போதுமான இடைவெளி விடுகிறார்கள். ஸ்டார்ச் மணி உடைகிறது. ரப்பர் போன்ற கரு நழுவி முழுதாக வெளியே வருகிறது.

இப்போது பால் போன்ற கலவையில் ஸ்டார்ச், தோல், கரு எல்லாம் கலந்து கிடக்கின்றன. கருவை எப்படிப் பொறுக்குவது? உங்கள் ஊர் உழவர்கள் விதைநெல் தேர்ந்தெடுப்பதைப் பார்த்ததுண்டா? நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போவார்கள். போட்ட முட்டை மிதக்கத் தொடங்கியதும் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும், நல்ல நெல் மூழ்கும். ஆலையில் நடப்பதும் அதேதான். உப்புக்குப் பதிலாக ஸ்டார்ச்சே நீரின் அடர்த்தியைக் கூட்டுகிறது. எண்ணெய் நிறைந்த கரு இலேசானது. அது மேலே மிதக்கிறது. முற்காலத்தில் நீண்ட தொட்டிகளில் மிதக்கவிட்டுத் துடுப்புகளால் வழித்தெடுத்தார்கள். பிற்காலத்தில் கூம்பு வடிவக் குழாய்கள் வந்தன. கலவையை அவற்றினுள் வேகமாகச் சுழலவிட்டால் கனமானவை சுவரோரம் ஒதுங்கிக் கீழே இறங்கும்; இலேசான கரு நடுவில் எழுந்து மேல்வாய் வழியே வெளியேறும்.

இவ்வளவு நீர் செலவழிக்காமல் உலர்ந்த நிலையிலேயே கருவைத் தட்டிப் பிரிக்கும் ஆலைகளும் உண்டு. ரவை தயாரிக்கும் ஆலைகள் அப்படிப்பட்டவை. ஆனால் அந்தக் கருவோடு தோலும் மாவும் ஒட்டிக்கொண்டே வரும். எண்ணெய் 20 முதல் 25 சதவீதம்தான். மேலே சொன்ன கணக்கை 22 சதவீதத்துக்குப் போட்டுப் பாருங்கள். நூறு கிலோவுக்கு 16 கிலோ எண்ணெய்தான் வெளியே வரும். ஏறத்தாழ 6 கிலோ புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெய் குறையக் குறைய, பிழிபவன் இழப்பது கூடுகிறது.

காயவைப்பதிலும் கணக்கு உண்டு

'எள்ளு எண்ணெய்க்குக் காய்கிறது. எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது?' என்று நம் ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். எள் எண்ணெய்க்காகக் காயத்தான் வேண்டும். மக்காச்சோளக் கருவும் அப்படியே. நீரைப் பிழிந்த பிறகும் அதன் எடையில் பாதி ஈரமாகவே இருக்கும். அப்படியே விட்டுவைத்தால் கருவில் உள்ள நொதிகளும் நுண்ணுயிர்களும் எண்ணெயைச் சிதைத்துப் புளித்த கொழுப்பு அமிலங்களாக மாற்றிவிடும். ஆகவே உடனே சூடான உருளைகளில் புரட்டி, ஈரத்தை 3 அல்லது 4 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

அளவு தவறினால் இரண்டு பக்கமும் இடர். ஈரம் மிகுந்தால் கரு சேறுபோல் வழுக்கும். இயந்திரத்தினுள் அழுத்தமே ஏறாது. மிகவும் காய்ந்துவிட்டால் பொடிந்து தூளாகி, எண்ணெயோடு சேர்ந்து பிளவுகள் வழியே வெளியேறும்; கருகவும் செய்யும். நம் செக்காட்டிகள் எள்ளோடு சிறிது நீர் தெளிப்பதும், கருப்பட்டி சேர்ப்பதும் ஏன் என்று இப்போது ஊகிக்கலாம். எள் தூளாகச் சிதறாமல் ஒன்றுதிரண்டு எண்ணெயை விட வேண்டும் என்பதற்காகத்தான். எந்த நேரத்தில் எவ்வளவு என்பதை அவர்கள் கையால் தொட்டே அறிவார்கள்.

பிழிவதற்குச் சற்று முன்பு கருவை மீண்டும் சூடேற்றுகிறார்கள். நீர் கொதிக்கும் சூட்டுக்கும் சற்று மேலே போவதுண்டு. சூட்டில் புரத உறைகள் முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததுபோல் உறைகின்றன. நுண்ணுருண்டைகள் உடைந்து ஒன்றுகூடுகின்றன. எண்ணெயும் இளகி எளிதில் ஓடுகிறது.

திருகு செய்யும் வேலை

பழைய ஆலைகளில் நீர்விசை அழுத்திகள் இருந்தன. இங்கிலாந்தின் ஜோசப் பிரமா 1795-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்ற இயந்திரம் அது. சிறிய உந்துதண்டில் கொடுக்கும் சிறு விசை, பெரிய உந்துதண்டில் பெருவிசையாகிறது என்ற பாஸ்கல் விதியை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். சூடான கருவைத் துணியில் பொதிந்து, இரும்புத் தட்டுகளுக்கு இடையே அடுக்கி நெருக்குவார்கள். எண்ணெய் ஒழுகி முடிந்ததும் அழுத்தியைத் தளர்த்தி, துணியைப் பிரித்து, புண்ணாக்கை எடுத்து, மறுபடியும் அடுக்க வேண்டும். பிழியும் நேரத்தைவிட அடுக்கும் வேலை அதிகம்!

நிறுத்தாமல் தொடர்ந்து பிழியும் ஓர் இயந்திரத்தை 1900-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த வலேரியஸ் ஆண்டர்சன் உருவாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'எக்ஸ்பெல்லர்'. அந்த வணிகப் பெயரே பிறகு எல்லாத் திருகு அழுத்திகளுக்கும் வழங்கலாயிற்று. நம் ஊர்களிலும் எண்ணெய் ஆலைக்காரர்கள் இந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

இதன் உட்புறத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கிடையாக ஒரு நீண்ட கூண்டு. கூண்டின் சுவர் நெருக்கமாக அடுக்கிய எஃகுச் சட்டங்களால் ஆனது. சட்டங்களுக்கு இடையே ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான பிளவுகள். எண்ணெய் நுழையலாம், புண்ணாக்கு நுழைய முடியாது. கூண்டின் நடுவே ஒரு தடித்த திருகாணி சுழல்கிறது. ஒரு முனையில் கருவைக் கொட்டினால், ஆர்க்கிமிடீஸ் திருகு நீரைத் தள்ளுவதுபோல, இந்தத் திருகு கருவை மறுமுனைக்குத் தள்ளுகிறது.

தள்ளினால் மட்டும் எண்ணெய் வருமா? இங்கேதான் சூட்சுமம். திருகின் நடுத்தண்டு போகப்போகப் பருமனாகிறது; புரிகளும் நெருங்குகின்றன. ஆகவே திருகுக்கும் கூண்டுக்கும் இடையில் உள்ள இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. நுழைவாயிலில் ஒரு சுற்றுக்கு ஒரு படி கரு உள்ளே போகிறது என்றால், கடைசியில் அரைப்படிக்கும் குறைந்த இடமே இருக்கும். பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்குகிறது. இடம் போதாத எண்ணெய் பிளவுகள் வழியே பிதுங்குகிறது. கூண்டின் கடைவாயில் ஒரு கூம்பு அடைப்பு இருக்கும். புண்ணாக்கு அதைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வளைய இடைவெளி வழியேதான் வெளியேற வேண்டும். அந்த இடைவெளியைக் குறைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், கூட்டினால் இறங்கும். உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பல நூறு கிலோ எடை ஏறி அமர்ந்தாற்போன்ற அழுத்தம் உண்டாகிறது.

பெரிய ஆலையில் இப்படிப்பட்ட இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும். தேய்மானமும் அதற்கேற்ப இருக்கும். எஃகே ஆனாலும் கரு உரசி உரசித் திருகின் புரிகள் தேய்ந்துபோகின்றன. தேய்ந்தால் அழுத்தம் குறையும்; புண்ணாக்கில் எண்ணெய் கூடும். அனுபவமுள்ள தொழிலாளி வெளிவரும் புண்ணாக்கின் தடிப்பையும் நிறத்தையும் பார்த்தே இயந்திரத்தின் நலத்தைச் சொல்லிவிடுவார்.

மிஞ்சிய எண்ணெயும் ஒரு விபத்தும்

புண்ணாக்கில் தங்கிய 7 சதவீதத்தை விட்டுவிட மனம் இல்லாதவர்கள் ஹெக்சேன் என்ற திரவத்தை நாடுகிறார்கள். பெட்ரோலின் உறவுக்காரன் இது. எண்ணெயைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். 69 டிகிரி செல்சியஸ் சூட்டில் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், சூடேற்றினால் ஹெக்சேன் தனியாக, எண்ணெய் தனியாகப் பிரியும். ஆவியைக் குளிர்வித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். புண்ணாக்கில் ஒரு சதவீத அளவுக்கே எண்ணெய் மிஞ்சும். பல ஆலைகள் முதலில் திருகு அழுத்தியில் இலேசாகப் பிழிந்துவிட்டு, மீதியை ஹெக்சேனிடம் விட்டுவிடுகின்றன. மின்சாரமும் தேய்மானமும் மிச்சம்.

ஆனால் ஹெக்சேன் ஆவி தீப்பொறி பட்டால் வெடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் பள்ளங்களிலும் சாக்கடைகளிலும் தேங்கும். அமெரிக்காவின் லூயிவில் நகரில் 1981-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் விடியற்காலையில் நடந்தது இதற்குச் சான்று. அங்கிருந்த ஒரு சோயா ஆலையிலிருந்து கசிந்த ஹெக்சேன் நகரின் கழிவுநீர்க் குழாய்களில் பரவியிருந்தது. அவ்வழியே சென்ற ஒரு காரின் பொறியால் அது தீப்பற்றியது. மைல் கணக்கில் தெருக்கள் வெடித்துப் பிளந்தன. விடியற்காலையாக இருந்ததால் உயிரிழப்பு ஏதும் இல்லை. கரைத்தெடுக்கும் ஆலையில் தீக்குச்சிக்குக்கூட இடமில்லை என்பதும், சிறிய ஆலைகள் திருகு அழுத்தியோடு நின்றுவிடுவதும் ஏன் என்று இப்போது புரியும்.

திருகிலிருந்து வரும் எண்ணெய் கருமை கலந்த செந்நிறமாக இருக்கும். அதில் பசைப்பொருள், புளித்த கொழுப்பு அமிலம், மெழுகு, நிறப்பொருள், வாடை எல்லாம் உண்டு. சோடாக் காரத்தால் அமிலத்தை நீக்கி, களிமண்ணால் நிறத்தைப் போக்கி, குளிரவைத்து மெழுகைப் பிரித்து, காற்றில்லாத கலத்தில் நீராவி செலுத்தி வாடையைப் போக்கிய பிறகே அது புட்டிக்கு வருகிறது. 'கொலஸ்டிரால் அற்றது' என்று புட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு வியந்துவிடாதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்டிரால் பெயரளவுக்கே உண்டு.

பிழிந்த புண்ணாக்கு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது. ஒரு எச்சரிக்கை: மக்காச்சோளம் ஈரத்தில் கிடந்து பூஞ்சை பிடித்திருந்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். இந்த நச்சு எண்ணெயோடு அதிகம் போவதில்லை. புண்ணாக்கிலும் தவிட்டிலும் தங்குகிறது. அதைத் தின்ற பசுவின் பாலிலும் சிறிதளவு இறங்குகிறது. எனவே களத்தில் சரியாகக் காயவைக்காத மக்காச்சோளம், எண்ணெய் வாங்குபவரைவிடப் பால் குடிக்கும் குழந்தைக்கே கேடு செய்யும்.

ஒரு கதிருக்கு ஒரு தேக்கரண்டி

எல்லாம் முடிந்து கையில் சேரும் எண்ணெய் எவ்வளவு? நூறு கிலோ மக்காச்சோளத்துக்கு மூன்று கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அறுநூறு மணிகள் உள்ள ஒரு கதிர் ஏறத்தாழ 180 கிராம் தானியம் தரும். அதிலிருந்து கிடைப்பது ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஒரு லிட்டர் புட்டியை நிரப்ப 33 கிலோ மக்காச்சோளம் வேண்டும். அதே 33 கிலோவிலிருந்து சுமார் 22 கிலோ ஸ்டார்ச் கிடைக்கிறது. இதனால்தான் மக்காச்சோள எண்ணெய்க்கென்றே யாரும் ஆலை கட்டுவதில்லை. ஸ்டார்ச் விற்கும் அளவுக்குத்தான் எண்ணெயும் வரும். பெரம்பலூர், திண்டுக்கல் பகுதிகளில் விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. அங்கே கருவைப் பிரிப்பதில்லை. எண்ணெயின் ஆற்றலைக் கோழியே நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது.

எண்ணெய் மிகுந்த மக்காச்சோளத்தை வளர்க்க முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் சிரில் ஹாப்கின்ஸ் இதே கேள்வியோடு 1896-ஆம் ஆண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார். 163 கதிர்களைச் சோதித்தார். சராசரி எண்ணெய் 4.7 சதவீதம். அதிக எண்ணெய் உள்ள கதிர்களின் விதையை மட்டும் விதைத்து, அடுத்த ஆண்டு அவற்றிலும் சிறந்தவற்றைத் தேர்ந்து, இப்படியே ஆண்டுதோறும் தொடர்ந்தார். அவருக்குப் பின் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். நூறு தலைமுறைகளைக் கடந்தபோது எண்ணெய் 20 சதவீதத்தைத் தொட்டது! கரு பெருத்திருந்தது, ஆனால் மாப்பொருள் சுருங்கி, மொத்த விளைச்சல் குறைந்திருந்தது. எண்ணெய் ஆலைக்காரர் மகிழ்வார். உழவரும் ஸ்டார்ச் ஆலைக்காரரும் மகிழ மாட்டார்கள்.

செய்து பாருங்கள்

பத்து மக்காச்சோள மணிகளை ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவையுங்கள். பள்ளம் உள்ள பக்கத்தில் நகத்தால் கீறி, கூர்முனையிலிருந்து நெம்பினால் கரு முழுதாகக் கழன்று வரும். வெண்மையாக, கேடயம் போல் இருக்கும். கருக்களைத் தனியாகவும் மீதியைத் தனியாகவும் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவே கோடு போட்டு, ஒரு பக்கத்தில் கருக்களையும் மறுபக்கத்தில் மாப்பகுதியையும் வைத்து, குழவியாலோ கரண்டியின் அடிப்புறத்தாலோ நசுக்கித் தேயுங்கள். தூளைத் தட்டிவிட்டுத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஈரத்தால் வந்த கறையானால் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். எண்ணெய்க் கறை மறையாது. இரு பக்கங்களிலும் எது மிஞ்சுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதே தாளின் இன்னொரு மூலையில் எள்ளையும், வேறொரு மூலையில் ஆலையிலிருந்து வாங்கிய புதிய அரிசித் தவிட்டையும் தேய்த்து ஒப்பிட்டுப் பாருங்கள்.